பேஸ் கிற்றாரும் ஐந்தாம் தந்தியும்

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே திருவிழாக் காலத்து இரவு நீண்டது. நாதசுரமும் தவிலும் முழங்கி ஓய்ந்த பின்னர், அதே வெளியில் மெல்லிசைக் குழுவினர் மேடையேறுவர். பாடுவோரின் பெயரைச் சிறு பிள்ளைகளும் அறிந்திருப்பர். ஆயின், மேடையின் ஓரத்திலே, விளக்கொளி சரியாக விழாத இடத்தில் நின்று தடித்த தந்திகளை விரலால் மீட்டிக்கொண்டிருப்பவரைக் கவனிப்போர் மிகச் சிலர். அவருடைய கை ஒரு கணம் ஓய்ந்தால் மாத்திரம், ஏதோ ஒன்று விலகிவிட்டது போன்ற வெறுமை கேட்போருக்குத் தோன்றும். எது விலகிற்றென்று அவர்களாற் சொல்ல இயலாது. பாட்டுக்கு நிலமாய்க் கிடக்கும் அக்கருவியே பேஸ் கிற்றார்.

இக்கருவியைப் பயில விரும்பும் இளைஞர் இன்று குடாநாட்டில் உளர். மேடைகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் அதற்கு இடமுண்டு. வாங்கப் புகும்போது அவர்கள் முன் எழும் முதற் கேள்வி, நான்கு தந்தியா, ஐந்து தந்தியா என்பதே. கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கருவிக்குரிய பணம் பல வீடுகளில் கடல் கடந்து வருவது. பனிக்காலத்து இரவு வேலையில் ஒரு தமையனோ தமக்கையோ ஈட்டியது. எண்ணிக்கை கூடினாற் சிறப்பும் கூடுமென்று கருதி வாங்கிய கருவி, ஆறு மாதத்தில் உறையினுள்ளே உறங்குமாயின் அது சிறு நட்டமன்று.

ஐந்தாம் தந்தி எதற்காக வந்தது என்பதை அறிந்தால் விடையும் தெளிவாகும். அமெரிக்காவைச் சேர்ந்த லியோ பெண்டர் என்பார் 1951 ஆம் ஆண்டில் வெளியிட்ட பேஸ் கிற்றாருக்கு நான்கு தந்திகளே இருந்தன. அவற்றுள் மிகத் தாழ்ந்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மேலைநாட்டுப் பெரிய டபிள் பேஸ் வாத்தியத்தின் தாழ்ந்த தந்தியும் அதே அளவினதே. 1965 இல் பெண்டர் தொழிலகமே ஐந்து தந்திக் கருவி ஒன்றைச் செய்தது. ஆயினும் அது கூட்டிய தந்தி மேற்சுரத்துக்குரியது. அக்கருவி நெடுநாள் நிலைக்கவில்லை. ஐந்தாவது தந்தியைக் கீழே வைக்கும் முறை 1970களிலேதான் வேரூன்றியது. 1975 இல் அந்தனி ஜாக்சன் என்னும் கலைஞருக்காக ஆறு தந்திக் கருவியொன்று செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜிம்மி ஜோன்சன் என்பாருக்கு அலெம்பிக் தொழிலகம் கீழ்த்தந்தியுடன் கூடிய ஐந்து தந்திக் கருவியை ஆக்கிக் கொடுத்தது. 1980களில் யமஹா முதலிய பெரிய தொழிலகங்கள் இதனைப் பொதுச் சந்தைக்குக் கொணர்ந்தன. இந்த ஐந்தாம் தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 31 முறை அதிர்வது. மனிதச் செவியின் கீழெல்லை 20 அதிர்வு என்பர்; அவ்வெல்லைக்கு எத்துணை அணித்து என்பது நோக்கத்தக்கது.

தாழ்ந்த நாதத்தை நாடிக் கருவியை மாற்றுவது யாழ்ப்பாணத்துச் செவிக்குப் புதிதன்று. முன்னாளில் நாதசுரம் என்றால் திமிரி. குறுகிய குழல், உயர்ந்த சுருதி. 1956 இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாரைக்கொண்டு நீண்ட பாரி நாதசுரத்தைச் செப்பஞ் செய்வித்தார். குழல் நீண்டது, சீவாளி பெருத்தது, ஊதுவோரின் மூச்சும் விரலும் அதற்கேற்பப் பழகவேண்டியதாயிற்று. அந்தப் பாரியின் கனிந்த ஒலியையே இன்று குடாநாட்டார் நாதசுரத்தின் இயல்பான குரலெனக் கொள்கின்றனர்.

இன்னும் நெருங்கிய சான்றொன்றுண்டு. வயலின் மேதை வி. லட்சுமிநாராயணா அவர்கள் யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராய் இருந்தவர். அவருடைய மைந்தர் மூவரும் வயலின் வித்துவான்கள். அவர்களுள் இளையவரான எல். சங்கர் சிறுவராய் வளர்ந்தது இங்கேதான். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் அக்குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. அதே சங்கர் 1980 இல், கென் பார்க்கர் என்னும் அமெரிக்கக் கருவிக் கைவினைஞரைக்கொண்டு, கழுத்து இரண்டும் தந்தி பத்தும் உடைய இரட்டை வயலினை உருவாக்குவித்தார். ஒரு கழுத்து வயலினின் மேற்சுரங்களைப் பாட, மற்றொன்று டபிள் பேஸின் ஆழம்வரை இறங்கும். ஒரே தண்டில் ஒன்றன்மேலொன்றாகத் தந்திகளைச் சேர்த்துக்கொண்டு போகாமல், தாழ்ந்த ஒலிக்கென்று தனிக் கழுத்து அமைத்தமையே அங்கு உணரத்தக்கது. தாழ்ந்த சுரம் தனக்குரிய இடத்தைக் கேட்டுப் பெறும், கொடாவிடின் ஒலியாது.

இனி, குடாநாட்டு இசைஞருக்கு இந்தத் தந்தி எங்கே பயன்படும்? மேலைநாட்டு நூல்கள் இதற்குத் தரும் விடை நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நம்முடைய பாட்டு ஆதார சட்சத்தின்மேல் எழுவது. ஆகையால், கருவி வாங்கச் செல்லுமுன் தம் குழுவிற் பாடுவோரின் சுருதி எத்தனை கட்டை என்பதையே முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆண்கள் பலர் ஒரு கட்டை முதல் இரண்டு கட்டை வரையிலான சுருதியிற் பாடுவர். ஒரு கட்டைச் சட்சத்தின் ஆழ்ந்த வடிவம் செக்கனுக்கு 32.7 அதிர்வு, இரண்டு கட்டைக்கு 36.7. நான்கு தந்திக் கருவியோ 41 உடன் நின்றுவிடும். பாடகர் சட்சத்தில் வந்து நிற்கும்போது அக்கருவி ஒரு தாயி மேலே ஏறித்தான் சட்சத்தைக் காட்ட முடியும். வீட்டுக்குச் சுவரும் கூரையும் இருக்க, அடித்தளம் மாத்திரம் திண்ணை உயரத்தில் நிற்பதை ஒக்கும் இது. ஐந்தாம் தந்தி இருப்பின், ஒரு கட்டைக்கு அதன் முதலாம் மெட்டிலும், ஒன்றரைக்கு இரண்டாம் மெட்டிலும், இரண்டு கட்டைக்கு மூன்றாம் மெட்டிலும் ஆழ்ந்த சட்சம் கிடைத்துவிடுகின்றது. இரண்டரைக் கட்டைக்கு நான்காம் மெட்டு. பாரி நாதசுரத்தின் சுருதியும் பெரும்பாலும் இந்த இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டியதே.

பெண்களின் நிலை வேறு. ஐந்து கட்டையிற் பாடுவோருக்குச் சட்சம் 49 அதிர்வு. அது நான்கு தந்திக் கருவியிலேயே மூன்றாம் மெட்டில் உள்ளது. ஐந்தாம் தந்தி அவர்களுக்குச் சட்சத்தைத் தருவதில்லை. அதற்குக் கீழுள்ள பஞ்சமத்தைத் தருகின்றது. தம்பூராவிற் பஞ்சமத் தந்தி செய்யும் வேலையை நினைத்தால் அதன் அருமை விளங்கும். ஆயினும் அஃது அணி. ஆண்குரலுக்கு அது ஆதாரம். பெண்கள் மாத்திரம் பாடும் குழுவொன்றில், அல்லது மூன்று கட்டைக்கு மேற்பட்ட சுருதியிலேயே பாடும் குழுவொன்றில், நல்ல நான்கு தந்திக் கருவியே போதும். மிகுதிப் பணத்தை ஒலிபெருக்கியிற் செலவிடுவது அறிவுடைமை.

இடைவழியும் ஒன்றுண்டு. கையிலுள்ள நான்கு தந்திக் கருவியின் மெல்லிய மேல்தந்தியைக் கழற்றிவிட்டு, எஞ்சியவற்றை ஓரிடம் தள்ளி, கீழே தடித்த தந்தியை ஏற்றலாம். கழுத்தின் தலைப்பிலே தந்திகள் படிந்து செல்லும் வெட்டுகளை அரத்தாற் சற்று அகலிக்க வேண்டும். கழுத்தின் வளைவையும் திருத்த வேண்டும். மேற்சுரங்கள் சில இழக்கப்படும். பாட்டுக்கு நிலமாக நிற்பவருக்கு அவ்விழப்புப் பெரிதன்று. இரண்டு கட்டை மாத்திரமே தேவையெனின், அதுகூட வேண்டா; நான்காம் தந்தியை முழுச் சுரம் ஒன்று தளர்த்தினாற் போதும். ஐந்தாம் தந்தி உண்மையில் வேண்டுமோ என்று ஒரு திருவிழாக் காலம் முழுவதும் பரீட்சித்துப் பார்க்க இதனினும் மலிவான வழி இல்லை.

வேண்டும் என்று துணிந்தவர், கடையிலே கருவியின் நிறத்தை நோக்குமுன் ஐந்தாம் தந்தியை மாத்திரம் மீட்டிக் கேட்க வேண்டும். அதன் ஐந்தாம் மெட்டில் பிறக்கும் சுரமும் அடுத்த தந்தியை வெறுமே மீட்டப் பிறக்கும் சுரமும் ஒன்றே. இரண்டையும் மாறிமாறி ஒலித்துப் பார்த்தால், ஒன்று தெளிவாகவும் மற்றொன்று சாக்கினுட் கட்டிய மணி போலவும் கேட்குமாயின், அக்கருவியை அங்கேயே வைத்துவிடலாம். கழுத்தின் உறுதியும் தந்தியின் நீளமுமே இதற்குக் காரணம். குதிரைக்கும் கழுத்தின் தலைப்புக்கும் இடைத்தூரம் வழக்கமாக 34 அங்குலம்; சில ஐந்து தந்திக் கருவிகளில் 35 அங்குலமாக நீட்டுவர். ஓரங்குலந்தானே என்று எண்ணலாகாது. தாழ்ந்த தந்தி இறுகி நிற்க அது உதவும். சிறிய கையுடையோருக்கு அதுவே முதல் மெட்டுகளில் இடர் விளைக்கும். 34 அங்குலத்திலும் செவ்வையாய் ஒலிக்கும் கருவிகள் பல உள. ஆதலால் அளவுகோலைவிடச் செவியே பெரிது.

குதிரையின்மேல் தந்திகளுக்கிடையே உள்ள இடைவெளி சிலவற்றில் 16 மில்லிமீற்றர், சிலவற்றில் 19. கிற்றாரிலிருந்து வருவோருக்கு நெருக்கமானது எளிது. நான்கு தந்திப் பேஸில் பழகியோருக்கு அகன்றதே கைக்கு இசையும். தோள்வாரில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரமேனும் நிற்க வேண்டும்; தலைப்பக்கம் பாரமுற்றுச் சாயுமானால் இடக்கை சுரத்தைப் பிடியாது கழுத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். மற்றொரு தொல்லையும் புதியவருக்கு உண்டு. வேறு தந்தியை மீட்டும்போது பரிவினால் ஐந்தாம் தந்தி தானே அதிரத் தொடங்கும். வலக்கைப் பெருவிரலை அதன்மேல் படியவிட்டு அதனை அடக்கப் பழகுதல் இக்கருவியின் முதற் பாடம்.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமுண்டு. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 31 அதிர்வை உள்ளவாறு வெளியிடும் பெட்டிகள் மிகச் சில. பத்தங்குல ஒலிபெருக்கி ஒன்றுடைய சிறு பெட்டி 50, 60 அதிர்வுக்குக் கீழே சோர்ந்துவிடும். ஆயினும் அதனூடாக ஐந்தாம் தந்தி அறவே கேளாமற் போவதில்லை. 1990களில் மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் துணையால் வானொலி கேட்ட குடாநாட்டார் இதனைத் தாமறியாமலே அனுபவித்தவர்கள். உள்ளங்கையளவு ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களை எழுப்பவே இயலாதது. எனினும் பாட்டின் பேஸ் காதில் விழுந்தது. அடிச்சுரம் இல்லாவிடினும், அதன் மடங்குகளான மேலதிர்வுகளைக் கொண்டே செவி அடிச்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். எனவே வீட்டுப் பயிற்சிக்குச் சிறு பெட்டி போதும். ஆனால் ஊகித்தறியும் ஒலி வேறு, நெஞ்சில் வந்து மோதும் ஒலி வேறு. திறந்த கோயில் வீதியில் பின்னது வேண்டுமாயின், வாடகைக்கு வரும் ஒலியமைப்பின் பெரிய பதினெட்டங்குலப் பெட்டிகளையே நம்ப வேண்டும். அவற்றோடு கருவியை நேரே இணைக்க உதவும் டி.ஐ. பெட்டி என்னும் சிறு சாதனம், தூக்கிச் செல்லமுடியாத பெரும் அம்பிளிபயரினும் குடாநாட்டு மேடைக்கு ஏற்றது. சாதாரணக் கிற்றாருக்குரிய அம்பிளிபயரில் இக்கருவியை உரக்க வாசிப்போர் அதன் ஒலிபெருக்கித் தாளைக் கிழிப்பதற்கே வழி தேடுகின்றனர்.

மின்சாரம் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. இலங்கையில் மின்னழுத்தம் 230 வோல்ற்று, கனடாவில் 120. ரொறன்ரோவிலிருந்து அன்போடு கொண்டுவரப்பட்ட அம்பிளிபயரை அப்படியே சுவரிற் செருகினால் ஒரு நொடியில் புகைதான் மிஞ்சும். பின்புறத்துத் தகட்டில் எழுதியிருப்பதை வாசித்து, தேவையாயின் மின்மாற்றியைப் பூட்டுக. இலண்டனிலிருந்து வருவதற்கு இவ்விடர் இல்லை. மேடையிற் புவித்தொடுப்புச் சரியாக இல்லாவிடின் இரைச்சல் எழும். அதன் அடிப்படை செக்கனுக்கு 50 அதிர்வு. ஐந்து கட்டைச் சட்சமோ 49. பாடுபவரின் சட்சத்துக்குச் சற்றே மேலாக, சுருதி சேராத ஒத்து ஒன்றை யாரோ ஓயாது ஊதிக்கொண்டிருப்பதற்கு அது சமானம். கருவியினுள்ளே பற்றரியால் இயங்கும் சுற்று இருப்பின், வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடி விட்டால் அடுத்த நிகழ்ச்சியின் நடுவிலே பற்றரி ஓய்ந்துவிடும்.

மூன்று புறமும் கடல் சூழ்ந்த இம்மண்ணில் உப்புக்காற்றுத் தந்திகளை எளிதில் துருப்பிடிக்கச் செய்யும். வாசித்தபின் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்புறமும் சேர்த்துத் துடைப்பதும், மாரியில் கருவியைச் சுவரிற் சாய்த்து வையாது உறையினுள் வைப்பதும் நன்று. கார்த்திகை மழையில் மரக் கழுத்துச் சிறிது வளையும். உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் திருப்பு மாத்திரம் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, வேண்டுமாயின் மீண்டும் திருப்புக. தந்தி மாற்றும்போது ஐந்து தந்தித் தொகுதி என்று வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். நான்கு தந்தித் தொகுதியோடு வீடு திரும்பினால், புதிய நான்கின் கணீரென்ற ஒலியருகே பழைய ஐந்தாவது மந்தித்து ஒலிக்கும். எந்தச் சட்சத்துக்காக அக்கருவி வாங்கப்பட்டதோ, அந்தச் சட்சமே கேளாது போகும்.