பிள்ளைகளைக் கேட்காமல் பிள்ளைகளுக்குத் திட்டமா?

(திண்டுக்கல் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேடசந்தூர், வடமதுரை பக்கம் இருக்கிற உங்களுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் எவ்வளவு மங்கலமா இருக்கு பாருங்க! வளரிளம் பெண்களை மில் விடுதியில் தங்க வைத்து, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். உடம்புக்கு முடியாமல் பாதியில் வீடு திரும்பிய பல பேருக்கு அந்தப் பணம் வரவே இல்லை. திட்டம் போட்டது மில்காரர், ஆள் பிடித்தது புரோக்கர், சரி என்று தலையாட்டியது அப்பா. அந்தப் பிள்ளையை யார் கேட்டது?

இதே மாவட்டத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 2021 ஜனவரியில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். எங்கே தொல்லை நடக்கும் என்று மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தானே தெரியும்!

பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்திலும் இதே கணக்குதான். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கல்லூரிக்குப் பஸ் எத்தனை மணிக்கு வேணும்னு அவளைக் கேட்டோமா? சாயந்திரம் ஆறு மணிக்கு விளையாட்டுப் பயிற்சி என்று போஸ்டர் அடிக்கிறோம். திரும்பி வர்ற பாதையில் லைட் இல்லை. கடைசியில், "பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை" என்று நாமே தீர்ப்பும் எழுதிடறோம்.

குழந்தைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. இந்தியா அதை 1992இலேயே ஏற்றுக்கொண்டது.

கிராம சபையில் 18 வயதுக்குக் கீழே ஓட்டு இல்லை. சரி. அக்டோபர் 2 கிராம சபைக்கு முந்தின வாரம், ஊர்ப் பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்க. அப்பாமார், ஊர்ப் பெரியவங்க, நம்ம கட்சிக்காரங்க யாரும் பக்கத்தில் வேண்டாம். நாம நின்னா அவங்க பேச மாட்டாங்க. அவங்க நம்புற ஒரு அக்கா இருந்தால் போதும். அவங்க எழுதித் தருவதை ஒரு வரி மாற்றாமல் சபையில் தீர்மானமாக வையுங்க. எது நடந்தது, எது நடக்கலைன்னு நவம்பர் 1 கூட்டத்துக்கு முன்னாடி அவங்களிடமே போய்ப் பதில் சொல்லுங்க.