பெரியம்மாகிட்ட யாரும் கேட்கல

இன்னைக்கு வீட்டு மாடியில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல ட்ரெயின் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க, எங்க வீடு பொன்னேரி ஸ்டேஷன் பக்கம்.

என் பெரியம்மாவுக்கு 72 வயசு. போன வருஷம் மார்புல சின்னக் கட்டி. புற்றுநோய்தான், ஆனா ஆரம்பக் கட்டம், ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுற வகை. ஆபரேஷன் பண்ணி கட்டியை எடுத்தாச்சு. அடுத்து ரேடியேஷன் கொடுக்கலாமா வேணாமான்னு டாக்டர் விளக்க ஆரம்பிச்சார். யார்கிட்ட? எங்க அண்ணன்கிட்ட. பெரியம்மா பக்கத்து நாற்காலியிலதான் இருந்தாங்க.

வேணாம்னு சொல்றதுக்கும் நியாயம் இருக்கு. அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன, இதே மாதிரி ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய் இருந்த 636 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. எல்லாருக்கும் ஆபரேஷன், தமாக்ஸிஃபென் மாத்திரை. ஒரு பாதிக்கு மட்டும் ரேடியேஷனும். 10 வருஷம் கழிச்சுப் பார்த்தா, ரேடியேஷன் எடுத்தவங்கள்ல 98 சதவீதம் பேருக்கு மார்பிலோ பக்கத்திலோ நோய் திரும்பல. எடுக்காதவங்கள்ல 90 சதவீதம். ஆனா உயிரோட இருந்தவங்க எண்ணிக்கையில வித்தியாசம் இல்ல.

90 போதுமா, 98 வேணுமா? இதுக்கு டாக்டர் மட்டும் பதில் சொல்லிட முடியாது. அலைச்சலுக்குப் பயப்படுறவங்களுக்கு ஒரு பதில், நோய் திரும்புமோன்னு பயப்படுறவங்களுக்கு வேற பதில்.

எங்க வீட்ல அன்னைக்கு ராத்திரியே முடிவு ஆயிடுச்சு. "வயசானவங்க, சென்னைக்கு தினம் அலைய வைக்க வேணாம்." நானும்தான் தலையாட்டினேன்.

இந்த "வயசானவங்க" கணக்கு முழுசா தப்பும் இல்ல. பொதுவா முதியவங்க முடிவை டாக்டர்கிட்ட விடுறதும், இளையவங்க தங்களுக்கும் பங்கு வேணும்னு நினைக்கிறதும் ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயம். ஆனா 1992ல கனடாவில் வந்த ஒரு ஆய்வைப் பாருங்க. நோய் இல்லாத பொதுமக்கள்ல 64 சதவீதம் பேர், "எனக்குப் புற்றுநோய் வந்தா சிகிச்சையை நானே தேர்ந்தெடுப்பேன்"னு சொன்னாங்க. புதுசா நோய் உறுதியானவங்கள்ல 59 சதவீதம் பேர், டாக்டரே முடிவு பண்ணட்டும்னாங்க. இதைக் கேட்டுட்டு "நான்லாம் அப்படி இல்ல"ன்னு நினைக்கிறீங்கல்ல? அந்த 64 சதவீதமும் அப்படித்தான் நினைச்சாங்க. வயசு, படிப்பு மாதிரி விவரங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தும், யார் என்ன விரும்புவாங்கங்கிற வித்தியாசத்துல 15 சதவீதத்தைத்தான் விளக்க முடிஞ்சது. மீதியை ஆளைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற என் ஃப்ரெண்டுக்கு 26 வயசு, லிம்போமா. கூகுள் பண்ணி ஆயிரம் கேள்வி கேட்பான்னு நினைச்சேன். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்"னுட்டான். அவன் மனசுல இருந்த கேள்விகள் வேற. கீமோவுக்கு அப்புறம் குழந்தை பிறக்குமா? கீமோ ஆரம்பிக்கும் முன்னாடியே விந்தணுவை எடுத்து உறைய வச்சு சேமிக்க முடியும். ஆனா அப்பா பக்கத்துல நிக்கும்போது அதை எப்படிக் கேட்பான்? இன்னொன்னு சம்பளம். இஎஸ்ஐல புற்றுநோய்க்கு நீண்டகால நோய்ப் பலன் உண்டு, கூலியில 80 சதவீதம், 2 வருஷம் வரைக்கும். ஆனா அதுக்கு முன்னாடி 2 வருஷம் விடாம இஎஸ்ஐ வேலையில இருந்திருக்கணும். கான்ட்ராக்டர் மாறி மாறி வேலை பார்த்த பையன். அந்தக் கணக்கு தெரியாமதான் சிகிச்சையை ரெண்டு வாரம் தள்ளிப்போடப் பார்த்தான். டாக்டர் அதை அலட்சியம்னு நினைச்சுட்டார்.

சரி, பெரியம்மா. ஒரு வாரம் கழிச்சு, கீரை ஆய்ஞ்சுட்டு இருக்கும்போது சும்மா கேட்டேன். "முழு விவரமும் உங்களுக்குத் தெரியணுமா, இல்ல எங்ககிட்ட விட்டுடறீங்களா?" விட்டுடறேன்னு சொல்லியிருந்தா அதுவும் ஒரு பதில்தான். அவங்க விவரம் கேட்டாங்க. 98, 90 ரெண்டையும் சொன்னேன்.

"திரும்ப வந்துருமோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கிறதுக்கு, ட்ரெயின்ல போயிட்டு வந்துடலாம் கண்ணு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"யாரு கேட்டீங்க?"

மூணு வாரம், 15 நாள், பொன்னேரியிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து பஸ். கடைசி வாரம் நல்ல அசதி, ஏறி இறங்கவே சிரமப்பட்டாங்க. கடைசி நாள் டாக்டர் ஃபைலைப் பார்த்துட்டு, "பையன் வரலையா?"ன்னு கேட்டார்.

"அவன் வேலைக்குப் போயிருக்கான். என்னன்னு என்கிட்டயே சொல்லுங்க."