நலம் என்று எழுதுவதற்கு முன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேச்சு வன்மையோ பெரும் படிப்போ இல்லாத என்னைக் காரியதரிசி அவர்கள் இம்மேடையில் நிறுத்திவிட்டார். மெட்ரிகுலேஷனோடு நின்ற கல்வியும், பார்சல் ஆபீசில் இருபது ஆண்டுகளாகப் பேரேடு எழுதிய பழக்கமும் தவிர வேறு மூலதனம் எனக்கில்லை. ஆகவே பேரேட்டுக்காரன் பேசத்தக்க பொருளொன்றையே எடுத்துக்கொண்டேன். மனிதன் தன் உடலையும் உள்ளத்தையும் குறித்த கால இடைவெளியில் தானே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

ஊரைவிட்டு வந்த நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. அந்நாளில் கடிதமாயினும் இந்நாளில் கைப்பேசியாயினும், முதல் வாக்கியம் "இங்கு அனைவரும் நலம்" என்பதுதான். பிள்ளையார் சுழியைப் போல அது தானாகவே விழுந்துவிடுகிறது. காய்ச்சலில் கிடந்தாலும் நலம். கடன்காரன் வாசலில் நின்றாலும் நலம். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முதிய பெற்றோரைக் கலங்கவைக்கலாகாது என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். அதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் வாரந்தோறும் பிறருக்குச் சொல்லிச் சொல்லி, அதை நாமே நம்பிவிடுகிறோமே, அங்கேதான் அபாயம் இருக்கிறது.

இக்காலனியில் வாழும் அன்பர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்; இதோ இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கிறார். நன்றாகக் கேரம் ஆடுபவர், மாலையில் சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். இரவில் நான்கு முறை எழுந்து தண்ணீர் குடித்தார். எடை குறைந்தது, "இளைத்தது நல்லதுதான்" என்றார். பிள்ளைகளிடம் சிடுசிடுத்தார். அம்மையார் கேட்டபோதெல்லாம் "ஆபீசில் வேலை மிகுதி" என்பதே விடை. ஞாயிறுதோறும் தஞ்சாவூரிலிருக்கும் தாயாருக்குத் தொலைபேசியில் "நலம்" என்று கூறிவந்தார். செருப்பு கடித்த சிறு புண் இரண்டு மாதமாகியும் ஆறாதபோதுதான் வைத்தியரிடம் போனார். நீரிழிவு முற்றியிருந்தது. காலில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது.

தாகம், இளைப்பு, எரிச்சல், ஆறாத புண் என எல்லாம் அவருக்குத் தெரிந்தவைதாம். ஒன்றும் மறைவாக வரவில்லை. அவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை என்பதே நடந்த கேடு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடி மக்களுக்கு நீரிழிவு இருப்பதாகவும், அதன் வாசற்படியில் 13.6 கோடி மக்கள் நிற்பதாகவும் கணக்கிட்டது. ஆகையால் இது ஒரு வீட்டுக் கதையன்று.

நாம் பணிபுரியும் ரயில்வேயைப் பாருங்கள். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே தண்டவாளத்தின் இருபுறமும் குந்தியிருந்து, உருளும் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் உற்று நோக்கும் பணியாளரை நீங்கள் கண்டிருப்பீர்கள். நின்றபின் அச்சுப் பெட்டியின் சூட்டைப் பார்க்கிறார்கள். வண்டி பழுதென்று எவரும் புகார் செய்ததால் அன்று. ஓடுகின்ற வண்டி என்பதால். எஞ்சின் ஓட்டுநருக்குக் குறித்த காலத்தில் கண்ணும் உடலும் சோதிக்கப்படுகின்றன. என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கு நோய் வராது என்று நாமே முடிவு கட்டிக்கொண்டோம் போலும்!

என் பார்சல் ஆபீசிலோ, அன்றாட வசூலை அன்றே கணக்கு முடிக்க வேண்டும். பத்து ரூபாய் குறைந்தால் அன்றே அரைமணியில் கண்டுபிடித்துவிடலாம். ஆண்டுக்கொருமுறை முடிப்பது என்று வைத்தால், ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் எந்த ரசீதில் போயிற்று என்று எவராலும் சொல்ல இயலாது. உடம்புக் கணக்கும் அவ்வாறே. இடையறாது பார்ப்பவனுக்கே மாறுதல் தெரியும்.

நம் முன்னோர் இதற்கென்று தனி ஏற்பாடு செய்யவில்லை. எண்ணெய்க் குளியலே அதற்கு இடமாயிற்று. புதனும் சனியும் ஆடவருக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்டிருக்கு என்று வைத்திருந்தார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்க்கும் கைக்குக் கட்டி, வீக்கம், புண் எதுவும் தப்பாது. வாளி நீரை அவசரமாக ஊற்றிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுகிறவர் தம் பாதத்தின் அடிப்புறத்தைக் கண்டு எத்தனை மாதமாயிற்றோ! நீரிழிவுள்ளவர் நாள்தோறும் பாதத்தைப் பார்க்க வேண்டுமென்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

உள்ளத்தைப் பார்ப்பது இதைவிடக் கடினம். அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களைச் சிறு புத்தகத்தில் கோடிட்டு, வாரத்துக்கு ஒரு குணமாகக் கவனித்துத் தவறியபோதெல்லாம் கரும்புள்ளி வைத்தார். எனக்கு அம்முறை சற்று உறுத்துகிறது. நாள் முழுதும் மேலதிகாரியிடம் புள்ளி வாங்குகிறவன், இரவில் தனக்குத்தானே புள்ளி வைத்துக்கொண்டால் உறக்கம் எங்கே வரும்? இதற்கு மாறாக, உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்த ஐந்து வினாக்கள் மென்மையானவை. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, உறங்கி எழுகையில் தெளிவு இருந்ததா, அன்றாட வாழ்வில் மனம் பற்றும் காரியங்கள் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பு, மொத்தம் 25. பதின்மூன்றுக்குக் குறைந்தால் மருத்துவரிடம் பேசுவது நன்று. 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு எண் 14416, தமிழிலும் பேசலாம். வங்காளமும் இந்தியும் சரளமாகப் பேசுகிறவர்க்கும் துயரத்தைச் சொல்லத் தாய்மொழியே வேண்டியிருக்கிறது.

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. வீட்டிலுள்ள அனைவரையும் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று விசாரிப்பவர் நீங்கள். உங்களை விசாரிப்பவர் யார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை "வயதாகிவிட்டது" என்று தள்ளாதீர்கள். முப்பத்தைந்து ஒரு வயதா? ஆடவர்களும் கேட்கட்டும்: எல்லோரும் உண்டபின் மீந்ததை உண்ணும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கணக்கில் பற்று எழுத வேண்டியவர் நீங்களே.

அளவும் தேவை. இரத்த அழுத்தக் கருவியை வாங்கி நாளைக்குப் பத்துமுறை கட்டிப் பார்த்து, பார்த்த பயத்தாலேயே அழுத்தம் ஏறப்பெற்றவர்களும் நம்மிடையே உண்டு. ஐந்து நிமிடம் சும்மா அமர்ந்தபின் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய அரைமணி காப்பி கூடாது. (தமிழரிடம் இது கடும் நிபந்தனை என்பதை அறிவேன்.) மருத்துவர் வேறு சொல்லாவிடில், நலமுள்ளவர்க்கு அடிக்கடி வேண்டியதில்லை.

கருவி இல்லாதவர்க்கும் நம் கரக்பூரில் ஓர் அளவுகோல் உண்டு. 2013 வரை உலகிலேயே நீளமானது என்று பெயர்பெற்ற நம் நடைமேடை 1,072 மீட்டர். மாதத்தில் ஒரு நாள் இம்முனையிலிருந்து அம்முனைவரை நின்றுவிடாமல் நடந்து பாருங்கள். சென்ற மாதம் இயல்பாக நடந்தவருக்கு இம்மாதம் பாதியில் மார்பு இறுகினால், அம்முனையைத் தொட்டே தீருவேன் என்று வீரம் பேசாமல் அங்கேயே அமர்ந்து, உடனே மருத்துவமனைக்குத் துணை அழைக்க வேண்டும்.

நான் சொன்ன அன்பர் இப்போது சனிக்கிழமைதோறும் கேரம் ஆட வருகிறார். ஆட்டம் தொடங்குமுன் எதிரில் இருப்பவர் அவரிடம் மூன்று கேள்வி கேட்கிறார்: இவ்வாரம் எப்படித் தூங்கினீர், யாரிடம் சண்டையிட்டீர், பாதத்தைப் பார்த்தீரா? விடை கிடைத்த பின்பே காய் அடுக்குவது. அடுத்த சனிக்கிழமை முதல் மற்ற மேசைகளிலும் இதை நடத்திப் பார்க்கலாமென்று நிர்வாகக் குழு இசைந்திருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலிலுள்ள நோட்டில் எழுதலாம். பெண்டிருக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறோம்.