வீழும் யந்திரத்தின் கடைசிச் சொல்

பெங்களூர் நகரின் தெற்கே பேகூர் என்று ஓர் ஊர் உண்டு. இன்று அது மாநகரத்தோடு ஒன்றிவிட்டது. அங்குள்ள நாகேசுவரர் ஆலயத்தில் பழைய கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். பெங்களூர்ப் போரில் உயிர் நீத்த ஒருவரைப் பற்றி அந்தக் கல் பேசுகிறது. 'பெங்களூர்' என்னும் பெயருக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றும் அதுதான். அந்தச் செய்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பது எதனால்? வீழ்ந்தவர் தம் நினைவுக்கல்லைத் தாமே செதுக்கிக்கொள்ள முடியாது. வீழாமல் நின்ற பிறர் செதுக்கி வைத்தார்கள். ஆகவே செய்தி நின்றது. சாதாரண உண்மைதான். எனினும் அதே பெங்களூரில் இன்று யந்திரங்களைக் காவல் காப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடும் உண்மையும் இதுவே.

வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட்டு, மருத்துவமனைச் சீட்டு என்று நம் அன்றாட வாழ்க்கையின் பெரும் பகுதி இப்போது 'சர்வர்' என்னும் கணிப்பொறிகளைச் சார்ந்து நடைபெறுகிறது. குளிரூட்டிய கூடங்களில், இரும்பு அடுக்குகளில், இரவு பகலாக அவை உழைக்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற 'பரம் பிரவேகா' என்னும் பெருங்கணிப்பொறி, வினாடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்குகள் என்ற அளவில் வேலை செய்யவல்லது. அதுவுங்கூட ஒரே யந்திரமன்று. பல சர்வர்கள் கைகோத்து நிற்கும் கூட்டம். அத்தகைய கூட்டத்தில் ஒன்று தலை சாய்ந்தால், அதனோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்த கணக்கு முழுவதும் நின்றுவிடக்கூடும். ஏன் சாய்ந்தது என்று தெரியாவிட்டால், நாளைக்கும் அது சாயும்.

ஏன் சாய்ந்தது என்பதை யார் அறிவார்? அந்த யந்திரத்தின் உட்கருவே அறியும். நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல, கணிப்பொறியை இயக்கும் மென்பொருளுக்குள் 'கெர்னல்' என்ற பகுதி இருக்கிறது. நினைவகம், வட்டு, வலைக் கம்பி முதலிய உறுப்புகளையெல்லாம் நேரில் ஆள்வது அதுதான். பின்லாந்து தேசத்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையின் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய 'லினக்ஸ்' கெர்னல், இன்று உலகத்துச் சர்வர்களில் மிகப் பலவற்றை நடத்துகிறது.

இந்தக் கெர்னல் ஓயாமல் தன் அனுபவங்களைக் குறித்துக்கொண்டே இருக்கும். வட்டு இணைந்தது, வலைக் கம்பி கழன்றது, நினைவகத்தில் ஒரு பிழை கண்டது, சூடு எல்லை மீறியது என்று வரிவரியாக எழுதும். யந்திரம் கண் விழித்ததிலிருந்து எத்தனை வினாடி கழிந்தது என்ற கணக்கும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருக்கும். ஆனால் இந்தக் குறிப்பேடு அளவிற் சிறியது, வட்டமானது. கடைசிப் பக்கம் நிரம்பியதும் முதற் பக்கத்தை அழித்து அதன்மேல் எழுதும். அன்றியும், அது இருப்பது நினைவகத்தில். மின்சாரம் போனால் சிலேட்டைத் துடைத்ததுபோல் யாவும் மறைந்துவிடும்.

இதற்காக ஒரு கணக்கப்பிள்ளையை வைத்திருக்கிறார்கள். கெர்னலின் வரிகளைப் படித்து வட்டில் எழுதிவைப்பதும், வேறொரு யந்திரத்துக்கு நகல் அனுப்புவதும் அந்தச் சிறு மென்பொருளின் வேலை. 'சிஸ்லாக்' என்னும் இம்முறையை 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் எரிக் ஆல்மன் என்பவர், தம்முடைய அஞ்சல் மென்பொருளின் ஒரு பகுதியாக உருவாக்கினார். சாதாரண நாட்களுக்கு இந்த ஏற்பாடு போதும். ஆபத்து நாளில் என்ன நேரும் என்பதை எங்கள் சொந்த அனுபவத்திலிருந்து கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இந்நகரத்து அலுவலகம் ஒன்றில் சுமார் 40 சர்வர்களைக் கவனித்து வந்தோம். அவற்றுள் ஒன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், அசைவற்று நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் ஒன்றுமறியாததுபோல் எழுந்து வேலை செய்யும். வட்டிலிருந்த பதிவேட்டைப் புரட்டினால், நின்ற நேரத்துக்குச் சற்று முன்வரை எல்லாம் சுகமே என்று இருக்கும், பிறகு வெற்றிடம். அந்நேரங்களில் பணியிலிருந்தவர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளைஞர். இரவுப் பணியெல்லாம் அவருக்கே என்று ஒதுக்கியிருந்ததால், ஐந்து முறையில் நான்கு முறை அவர் காவலில்தான் யந்திரம் நின்றது. பிள்ளை எதையோ தெரியாமல் தொடுகிறான் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. "நான் தொடவேயில்லை, ஐயா" என்பதற்கு மேல் அவரிடம் சான்று இல்லை. அவர் தொட்டார் என்பதற்கும் எவரிடமும் சான்று இல்லை. ஆனாலும் பேச்சு பேச்சாகவே நின்றுவிடுமா? அந்த மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிடுவதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

அப்பொழுதுதான் 'நெட்கன்சோல்' என்னும் ஏற்பாட்டை நாங்கள் கையில் எடுத்தோம். இது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே அமைந்த ஒரு சிறு பகுதி. 2001-ஆம் ஆண்டு இங்கோ மோல்னார் என்பவர் இதைத் தொடங்கினார்; 2003-ஆம் ஆண்டு மேட் மேக்கால் என்பவர் அடுத்த தலைமுறைக் கெர்னலுக்கு ஏற்றவாறு இதைத் திருத்தி அமைத்தார். இங்கே கணக்கப்பிள்ளை கிடையாது. வரி பிறந்த மாத்திரத்தில் கெர்னலே அதை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி, வலைக் கம்பி வழியே வெளியே வீசிவிடுகிறது.

அப்படி வீசுவதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும். பெறுகிற யந்திரத்தின் வலை முகவரி, அதன் வாயில் எண், அங்கே செல்லும் வழியிலுள்ள வலை அட்டையின் முகவரி ஆகியவற்றை முன்னதாகவே எழுதி வைத்துவிடுகிறோம். உயிர் போகும் வேளையில் விலாசம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? சாதாரணமாக வலை அட்டை தன் வேலை முடிந்ததும் கெர்னலைக் கூப்பிட்டுச் சொல்லும். கெர்னல் தடுமாறும் நேரத்தில் அந்த அழைப்பை நம்பியிருக்க இயலாது. ஆகவே நெட்கன்சோல் அழைப்புக்குக் காத்திராமல், முடிந்ததா, முடிந்ததா என்று தானே அட்டையிடம் கேட்டுக் கேட்டு வேலையை முடித்துக்கொள்கிறது.

அனுப்பும் முறையிலும் ஒரு சிக்கனம் உண்டு. 'யூ.டி.பி.' என்னும் வழக்கப்படி அது போகிறது. கிடைத்தது என்ற மறுமொழியை எதிர்பாராத வழக்கு அது. வானொலி நேயர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாம் இங்கே ஒலிவாங்கியின் முன் பேசுகிறோம். எந்த வீட்டில் பெட்டி திறந்திருக்கிறது, எங்கே மூடியிருக்கிறது என்பதை நாம் அறியோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் அடுத்த வாக்கியம் என்றிருந்தால் பேச்சு முடியுமா? வீழ்கிற யந்திரத்துக்கும் அவ்வளவு அவகாசம் கிடையாது.

கூடத்தின் மறுகோடியில், வேறு மின் இணைப்பில், ஒரு பழைய கணிப்பொறியைக் கேட்கும் காதாக அமைத்தோம். ஒன்பதாம் நாள் இரவு 2 மணிக்குப் பிறகு அந்தச் சர்வர் மீண்டும் நின்றது. இம்முறை இங்கே முப்பது நாற்பது வரிகள் வந்து சேர்ந்திருந்தன. வட்டுகளை ஆளும் அட்டை பதில் சொல்லவில்லை. மீட்டெழுப்ப முயன்றும் பயனில்லை. வட்டில் எழுத முடியவில்லை என்று வரிசையாக இருந்தன. அதைப் பார்த்ததும் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் வட்டின் குற்றத்தை வட்டிலேயே தேடியிருக்கிறோம்! வட்டு மறைந்த செய்தியை மறைந்த வட்டில் எப்படி எழுத முடியும்? அட்டையை மாற்றினோம். அதன் பிறகு அந்த யந்திரம் நிற்கவில்லை. அந்த இளைஞரும் தம் வேலையில் நீடித்தார். அவரைப் பற்றிப் பேசியவர்கள் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மறுக்காமல் இருந்தவர்களில் நாங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இம்முறைக்குக் குறைகளும் உள. பொட்டலம் வழியில் தவறினால் தவறியதுதான். அதனால் புதிய வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் தொடர் எண் இடும் வசதி செய்திருக்கிறார்கள். 41-க்குப் பின் 43 வந்தால் ஒன்று விட்டுப்போனது தெரியும். செய்தி மறைபொருளாக்கப்படாமல் வெளிப்படையாகச் செல்வதால், காவலுள்ள தனி வலையில்தான் இதை அனுப்ப வேண்டும். வலை அட்டை விழித்தெழும் முன் நடப்பதை இது சொல்லாது. வலை அட்டையே நோயுற்றால் வாய் அடைத்துவிடும். ஆகவே, சிஸ்லாக் என்ற கணக்கப்பிள்ளையை நீக்கிவிடலாம் என்று எண்ணலாகாது. இரண்டும் வேண்டும். பெறுகிற யந்திரமும் அனுப்புகிற யந்திரமும் ஒரே மின் இணைப்பை நம்பியிருக்கவும் கூடாது. ஒரே வெள்ளத்தில் மாடும் கயிறும் போய்விட்டால் என்ன மிஞ்சும்?

இதே பெங்களூரில், இதைவிட எத்தனையோ மடங்கு பெரிய அளவில், இதே காரியம் நடைபெறுகிறது. பீணியாவிலுள்ள 'இஸ்ட்ராக்' நிலையம் நம் விண்கலங்களின் நலச்செய்திகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நகருக்கு வெளியே பையலாலு கிராமத்தில் 32 மீட்டர் விட்டமுள்ள பெரிய வானலை வாங்கி இருக்கிறது. 2008 அக்டோபர் 22-இல் புறப்பட்ட சந்திரயான்-1, 2009 ஆகஸ்டு 29 அதிகாலை 1.30 மணிக்குத் திடீரென்று மௌனமாயிற்று. முந்தைய சுற்றில் 12.25 மணிவரை பையலாலுவுக்கு வந்த செய்திகள் கையில் இருந்தன; அவற்றைத்தான் ஆராய வேண்டியிருந்தது. சந்திரனுக்குச் சென்று கலத்தைத் திறந்து பார்க்க யாரால் முடியும்?

2019 செப்டம்பர் 7-ஆம் நாள் சந்திரயான்-2-இன் 'விக்ரம்' தரையிறங்குகையில் தொடர்பு அறுந்ததை நாடே கண்டு வருந்தியது. ஆனால் அது இறங்கும்போது அனுப்பிய எண்கள் பூமியில் பத்திரமாக இருந்தன. வேகத்தைக் குறைப்பதற்கான ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்ததையும், பிழைகள் சேர்ந்துகொண்டே போனதையும், இறங்குவதற்குக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று மிகக் குறுகலாக இருந்ததையும் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த சோமநாத் 2023-ஆம் ஆண்டு விளக்கினார். அடுத்த கலத்துக்கு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று இடத்தை விரித்தார்கள். மற்றக் குறைகளையும் திருத்தினார்கள். 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 நிலவில் நலமாக இறங்கியது. வீழ்ந்த கலத்தின் கடைசி எண்கள் கிடைத்திராவிட்டால், இந்தத் திருத்தங்களை எதை வைத்துச் செய்திருப்பார்கள்?

நம் அரசாங்கமும் பதிவேடுகளின் அருமையை உணர்ந்திருக்கிறது. கணிப்பொறிப் பாதுகாப்பைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த கட்டளையின்படி, நிறுவனங்கள் தங்கள் யந்திரங்களின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பத்திரப்படுத்த வேண்டும். யந்திரங்களின் கடிகாரங்களையும் அங்கீகரித்த கடிகாரத்தோடு பொருத்திவைக்க வேண்டும். நேரம் பொருந்தாத சாட்சியம் நீதிமன்றத்தில் மட்டுமன்று, யந்திரக் கூடத்திலும் செல்லாது.

சட்டம் சொல்வதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டுமென்பதில்லை. ஒரு யந்திரம் நின்றால் பக்கத்தில் இருந்த மனிதன்மேல் பழி போடுவது நமக்கு மிக எளிதாக வருகிறது. யந்திரம் மறுத்துப் பேசாது, சிறிய வேலையிலிருப்பவன் மறுத்தால் யாரும் கேட்பதில்லை. ஆகவே யந்திரங்களைக் காப்பவர்கள் இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். தங்கள் சர்வர் இந்தக் கணமே நின்றுவிட்டால், அதன் கடைசி வரி எங்கே போய்ச் சேரும் என்று கேட்டுப் பார்க்கட்டும். அந்த யந்திரத்துக்குள்ளேயேதான் என்று பதில் வந்தால், வேறோர் இடத்தில் ஒரு காதை அமைப்பதற்கு அரை நாள் வேலை போதும்.