வீட்டு வியாபாரத்தில் எதற்கு முதலிடம்?

(நமது சங்கத்தின் மும்பை புறநகர்க் கிளையில், மகளிர் அணி ஏற்பாடு செய்த கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்தபடியே இணையம் மூலம் வியாபாரம் செய்வது பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நான் வியாபாரி அல்ல. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு, மத்திய சர்க்கார் அலுவலகத்தில் ஃபைல் பார்த்தே காலம் கழித்தவன். ஆனால் 2020-ல் ஊரடங்கு சமயத்தில் என் தர்மபத்தினி ஆரம்பித்த பொடி, பக்ஷண வியாபாரத்தில் கணக்கு எழுதுவது, லேபிள் ஒட்டுவது, பார்சல் கட்டுவது எல்லாம் என் இலாகா. அதில் நான் செய்த தவறுகளைச் சொன்னால் சிலருக்காவது உபயோகப்படும் என்று ஒப்புக்கொண்டேன்.

அலுவலகத்தில் ஃபைலின் மேல் 'உடனடி', 'முன்னுரிமை' என்று சீட்டு வைப்பார்கள். சர்வீஸ் உள்ளவர்களுக்குத் தெரியும், சில நாட்களில் மேஜையில் இருக்கும் அத்தனை ஃபைலிலும் 'உடனடி' சீட்டு இருக்கும். அப்படியானால் எதுவுமே உடனடி இல்லை என்றுதான் அர்த்தம். எது நிஜமாகவே அவசரம் என்று நாமே தீர்மானிக்க வேண்டும். வீட்டு வியாபாரத்திலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு ஆர்டரும் 'உடனடி' சீட்டோடுதான் வருகிறது.

2021 தீபாவளி சமயம். மூன்று வாரத்தில் ஏறக்குறைய 160 ஆர்டர்கள். தேங்குழல், தட்டை, தீபாவளி மருந்து என்று டெல்லி, புனே, பெங்களூர், நாக்பூர் எல்லா ஊருக்கும் போக வேண்டும். என் மனைவிக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை உண்டு. வருஷா வருஷம் ஆகஸ்டில் கண் பரிசோதனை செய்துகொள்வாள். அந்த வருஷம், "தீபாவளி முடியட்டும், நவம்பரில் போய்க்கலாம்" என்றாள். நானும் சரி என்றேன்.

தீபாவளி கழிந்த வாரம், இடது கண்ணில் கறுப்பு நூல் மிதக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். விழித்திரையில் ரத்தக்கசிவு. லேசர் சிகிச்சை, கண்ணுக்குள் ஊசி என்று மாதக் கணக்கில் நடந்தோம். பகவான் கிருபையால் பார்வை போகவில்லை. ஆனால் இடது கண்ணால் சிறிய எழுத்தைப் படிக்க முடியாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. அதனால்தான் நன்றாகத் தெரியும்போதே வருஷம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறோம் என்றார் டாக்டர்.

"ஆர்டரை ஒத்துண்டது நான்தானே, நீங்க ஏன் மனசைப் போட்டுக் கொழப்பிக்கறேள்?" என்று அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். ஆனால் நோட்டுப் புத்தகம் எழுதியவன் நான். அதில் பெயர், விலாசம், கிலோ, பாக்கி, கூரியர் எண் என்று எல்லாவற்றுக்கும் பத்தி போட்டிருந்தேன். அவளுடைய பரிசோதனைத் தேதிக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே நான் கற்றுக்கொண்ட வரிசையைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் இருக்கிறவர்களின் உடம்பும் நேரமும். இப்போது எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டர் தேதி, சிராத்தத் திதி, பேரக்குழந்தைகள் வருகிற நாட்கள் ஆகியவற்றை எழுதிய பிறகே மீதி நாட்களுக்கு ஆர்டர் வாங்குகிறோம். வாரத்துக்கு இத்தனை கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறோம். அது நிரம்பினால், "அடுத்த வாரம்தான் அனுப்ப முடியும்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவோம். சிலர் வேறு இடம் போய்விடுவார்கள். போகட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வியாபார ஃபோனை எடுப்பதில்லை.

இரண்டாவது, பண்டத்தின் சுத்தமும் தரமும். இங்கே நான் படித்த ரசாயனம் கொஞ்சம் உதவியது. வறுத்து அரைத்த பொடியைச் சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்தால், உள்ளே நீராவி குளிர்ந்து ஈரமாகும். கட்டி தட்டும், பூசணம் பிடிக்கும். மும்பை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். முழுதாக ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும். பொரித்த எண்ணெய் மறுபடி மறுபடி காயும்போது துருவச் சேர்மங்கள் என்ற வேண்டாத பொருள்கள் சேருகின்றன. அவை 25 சதவீதத்துக்கு மேல் போன எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் நாட்டு விதி. அதை அளக்கும் கருவி நம் வீட்டில் கிடையாது. எனவே நிறம் கறுத்து, நுரைத்து, சீக்கிரம் புகைகிற எண்ணெயை யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி ஒப்பேற்றாதீர்கள்.

ஒரு சம்பவம். புனேயிலிருந்து ஓர் அம்மாள், தன் பேரனுக்குக் கோதுமை ஆகாது, உங்கள் ரசப்பொடியில் கோதுமை உண்டா என்று கேட்டிருந்தார். ரசப்பொடியில் கோதுமை ஏது, இல்லை என்று எழுதப் போனேன். என் மனைவி பெருங்காய டப்பாவை எடுத்து வந்து காட்டினாள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். லேபிளில் அப்படியே போட்டிருந்தது. அன்று அவசரப்பட்டு பதில் அனுப்பியிருந்தால் அந்தக் குழந்தை என்ன பாடுபட்டிருக்கும்! அன்று முதல் நாங்கள் சேர்க்கும் பொருள்களை மட்டுமல்ல, அந்தப் பொருள்களில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்து லேபிளில் எழுதுகிறோம்.

மூன்றாவது, சட்டமும் கணக்கும். வீட்டுச் சமையலறையில் செய்தாலும், விற்பனைக்கு என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். 2006-ம் வருடத்துச் சட்டம் இது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். ஜி.எஸ்.டி. விஷயத்தில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில். விற்பனை குறைவாக இருந்தால் பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் பொதுவாக அந்தச் சலுகை தங்கள் மாநிலத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கே. மும்பையிலிருந்து பெங்களூருக்கு விற்றால் கதை வேறு. ஆரம்பிக்குமுன் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வூதியக்காரர்கள் நிரப்பும் 'சஹஜ்' வருமான வரிப் படிவத்தில் வியாபார வருமானத்தைக் காட்ட இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு அவசியம்.

கணக்கு என்றால் வரவு செலவு மட்டும் இல்லை, உழைத்த நேரமும்தான். அந்தத் தீபாவளிக்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தேங்குழல் கிலோ 420 ரூபாய்க்கு விற்றோம். மாவு, வெண்ணெய், எண்ணெய் 190, காஸ் 20, டப்பா, பாக்கிங் 30, உடைசல் 15. மீதி 165. ஆனால் எங்கள் இருவர் உழைப்பையும் சேர்த்தால் கிலோவுக்கு மூன்று மணி நேரம். மணிக்கு 55 ரூபாய். சாம்பார்ப் பொடி கிலோ 600. சாமான், அரைக்கும் கூலி 260, பாக்கிங் 40, மீதி 300. உழைப்பு ஒன்றரை மணி. மணிக்கு 200 ரூபாய். அதுவும் அடுப்படியில் எண்ணெய்ப் புகையில் நிற்க வேண்டாம், வழியில் உடையாது, பல வாரம் கெடாது. எதை அதிகம் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி? இன்று பக்ஷணம் கோகுலாஷ்டமிக்கும் தீபாவளிக்கும் மட்டும், அதுவும் குறிப்பிட்ட கிலோ வரைதான்.

நான்காவது, வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. பார்சல் தாமதமானால் அவர் கேட்குமுன் நாம் தகவல் சொல்லிவிட வேண்டும். கெட்டுப்போனது என்று படம் அனுப்பினால் வாதம் செய்யாமல் பணத்தைத் திருப்பிவிடுங்கள். கூடவே ஓர் எச்சரிக்கை. பெரிய ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லி, "பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்று ஒருவர் எங்களையும் கேட்டார். யு.பி.ஐ.யில் பணம் கொடுக்கத்தான் பின் நம்பர். பணம் வாங்க ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

விளம்பரம், அழகான இணையப் பக்கம், புதுப் புதுப் பண்டங்கள், நிறைய பேர் பின்தொடர்வது எல்லாம் ஐந்தாவது. துரதிர்ஷ்டவசமாகப் பலர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் முதல் மாதம் பெயர்ப் பட்டைக்கு என்ன நிறம் என்று நான்கு நாள் விவாதித்தோம்!

மும்பையில் இருக்கும் நமக்கு லிஜ்ஜத் அப்பளத்தின் கதை தெரியாததல்ல. 1959 மார்ச்சில் கிர்காமில் ஒரு கட்டட மொட்டை மாடியில் ஏழு பெண்மணிகள், 80 ரூபாய் கடன் வாங்கி, முதல் நாள் நான்கு பாக்கெட் அப்பளம் இட்டார்கள். நஷ்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எதை முதலில் வைப்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இங்கே வீட்டு வியாபாரம் செய்கிற சகோதரிகளும், அவர்களுக்குக் கணக்கு எழுதுகிற என் போன்ற கணவன்மார்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் ஆர்டர் நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் ஆத்தில் யாருக்கு எந்தப் பரிசோதனை எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். தள்ளிப்போட்டது ஏதாவது இருந்தால் நாளைக்கே டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். சாம்பார்ப் பொடி இரண்டு நாள் காத்திருக்கும்.