மடம் என்ற சொல்



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஓர் அம்மா கேட்டார். "பெண்ணுக்கு அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு வேணும்னு சொல்றாங்களே. அச்சம்னா பயம். நாணம்னா வெட்கம். மடம்னா என்னம்மா? சாமியார் இருக்கிற மடமா?"

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தமிழாசிரியர் ஒருவரைக் கேட்டேன். அகராதியும் பார்த்தேன்.

சாமியார் மடம் வேறு. அது வடமொழியில் இருந்து வந்தது. இந்த மடம் தமிழ்ச் சொல். 'மட' என்றால் இளமை, மென்மை. பழைய பாட்டுகளில் இளம் மானை 'மடமான்' என்பார்கள். இளசுக்கு விவரம் தெரியாது அல்லவா? அதனால் அறியாமை என்ற பொருளும் உண்டு. மடமை, மடத்தனம் என்கிறோமே, எல்லாம் ஒரே குடும்பம்.

தொல்காப்பியத்தில் அச்சம், நாணம், மடம் மூன்றுதான் இப்படிச் சேர்ந்து வருகின்றன. பயிர்ப்பு பிறகு சேர்ந்தது. பழகாத ஒன்றைத் தொடக் கூசுவதுதான் பயிர்ப்பு.

உரை எழுதிய புலவர்கள் மடம் என்பதை வேறு மாதிரி விளக்கினார்கள். சொல்லிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அதை விடாமல் வைத்திருப்பதாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் இங்கே செய்வதும் அதுதானே!

இன்னொரு விளக்கமும் சொல்கிறார்கள். தெரிந்தும் தெரியாதது போல் இருப்பதாம். இதைக் கேட்டதும் நம் வகுப்பு அக்கா ஒருவர் நினைவு வந்தது. அவரே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

அவர் பஸ் போர்டை நன்றாகப் படிப்பார். மாமியார் கூட இருந்தால் மட்டும் படிக்க மாட்டார். "படிச்ச திமிர்" என்று பேச்சு வருமாம். ஒருநாள் காய்ச்சல் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பக்கத்தில் நின்றவர் தவறான பஸ்ஸைக் காட்டினார். அக்கா போர்டைப் படித்துவிட்டார். இது நம் பஸ் இல்லை என்று தெரியும். வாய் திறக்காமல் ஏறினார். பிறகு வழியில் இறங்கி, வெயிலில் இரண்டு மைல் நடந்தார்கள்.

பழைய காலத்து ஔவையார், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அங்கே போய்த் தெரியாதது போல் நின்றாரா?

பிள்ளைக்கு இப்போது நன்றாக இருக்கிறது. அக்காவும் வந்திருக்கிறார். மாமியாரையும் அழைத்து வந்திருக்கிறார்! இங்கே பாருங்கள், பலகையில் ம, ட, ம் என்று எழுதியிருக்கிறேன். யார் வந்து சத்தமாகப் படிக்கிறீர்கள்?