கொள்கைக்கும் கணக்கு நோட்டு உண்டு

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

"நம் பக்கத்து நியாயத்தை நாமே அச்சிட வேண்டும். அதை ஊர் ஊராகத் தபாலில் அனுப்ப வேண்டும். நமக்கென்று ஒரு பதிப்பகம் வேண்டும்" என்று இளைஞர்கள் துடிக்கிறீர்கள். "தம்பி, எண்ணம் நல்ல எண்ணம்தான். போட்ட முதல் திரும்புமா?" என்று வியாபாரிகள் கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி இளைஞர்களுக்குக் கசக்கிறது. 'கொள்கையைப் பேசும்போது கல்லாப்பெட்டியைப் பேசுகிறார்களே' என்று முகம் சுளிக்கிறார்கள்.

நான் சொல்கிறேன், வியாபாரிகள் கேட்பதுதான் சரியான கேள்வி!

அரசாங்கம் பூட்டுப் போட்டு மூடிய பதிப்பகத்துக்காக ஊரே கண்ணீர் விடும். காகிதக் கடை பாக்கி கட்ட முடியாமல் மூடிய பதிப்பகத்துக்காக யார் அழுதார்கள்? அழுதவர் யாருமில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் செத்தது ஒரே பொருள்தான். சொல்ல வந்த சொல் செத்துப்போனது! அடக்குமுறையை எதிர்த்து நிற்கத் தெரிந்தவன் கடனை எதிர்த்து நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டாமா?

இதை வெறும் உபதேசமாகச் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. அமெரிக்காவில் அதிகாரத்தை எதிர்த்துப் புத்தகம் போட்டுத் தபாலிலேயே விற்ற இரண்டு பதிப்பகங்களின் கதையைச் சொல்லப் போகிறேன். அவர்கள் சோஷலிஸ்டுகள். அவர்களில் ஒருவர் மதத்தையே மறுத்தவர். அவர் கொள்கை நம் கொள்கை அல்ல. ஆனால் எதிர்க்கடைக்காரன் சரக்கு நமக்குப் பிடிக்காவிட்டாலும், அவன் எப்படிக் கடை நடத்துகிறான் என்று பார்க்காத வியாபாரி உண்டா?

சின்ன ஊர், பெரிய தபால் மூட்டை

கன்சாஸ் மாநிலத்தில் ஜிரார்ட் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சில ஆயிரம்தான். ஜூலியஸ் வேலண்ட் என்பவர் 1895-ல் தொடங்கிய 'அப்பீல் டு ரீசன்' என்ற சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகை 1897-ல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. பெருநகரம் இல்லை, பெரும் பணக்காரர் துணை இல்லை. ஆனாலும் 1910-களில் அதன் விற்பனை 5 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. எப்படி?

அந்தப் பத்திரிகைக்கு ஒரு 'படை' இருந்தது. துப்பாக்கிப் படை அல்ல, சந்தாப் படை! சுரங்கத் தொழிலாளியும் ரயில்வே ஊழியரும் குடியானவரும் தாங்கள் இருந்த இடத்திலேயே சந்தா சேர்த்து அனுப்பினார்கள். அந்தப் பத்திரிகையின் உண்மையான சொத்து அச்சு இயந்திரம் அல்ல. தபால் அனுப்பும் முகவரிப் பட்டியல்தான் அதன் சொத்து.

1919-ல் அந்த அச்சகத்தை இமானுவேல் ஹால்டிமன்-ஜூலியஸ் என்பவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து வாங்கினார். மனைவி மார்செட்டின் பணம் கைகொடுத்தது. அப்போது பத்திரிகை நொடித்துப் போயிருந்தது. ஆனால் 1,75,000 பேரின் முகவரிகள் கையில் இருந்தன. அவர் அவர்களுக்கு எழுதினார்: "5 டாலர் முன்பணம் அனுப்புங்கள், 50 சிறு நூல்கள் தருகிறேன்." ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். வாசகர்கள் கொடுத்த பணத்தில் புத்தகம் அச்சானது!

இளைஞர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? முதலில் இயந்திரம் பார்க்கிறோம், அறை பார்க்கிறோம், பெயர்ப்பலகை எழுதுகிறோம், திறப்பு விழாவுக்கு ஆள் தேடுகிறோம். வாங்குபவர் பெயரை மட்டும் கடைசியில் தேடுகிறோம். அந்த வரிசை தலைகீழ்! முதலில் முகவரி நோட்டு, பிறகுதான் அச்சு.

ஐந்து சென்ட்டில் எப்படிக் கட்டுப்படியானது?

தொடக்கத்தில் அந்தச் சிறு நூலின் விலை 25 சென்ட். அது படிப்படியாகக் குறைந்து 5 சென்ட்டுக்கு வந்தது. 1923-ல் 'லிட்டில் புளூ புக்ஸ்', அதாவது 'சின்ன நீலப் புத்தகங்கள்' என்ற பெயர் நிலைத்தது. மூன்றரை அங்குல அகலம், ஐந்து அங்குல உயரம். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். 1928-ல் ஹால்டிமன்-ஜூலியஸ் தன் தொழில் அனுபவத்தை ஒரு நூலாக எழுதினார். அந்த நூலுக்கு அவர் வைத்த தலைப்பு 'முதல் பத்துக் கோடி'! ஒன்பது ஆண்டுகளில் விற்ற பிரதிகளின் கணக்கு அது. மொத்தத்தில் 30 கோடிக்கும் மேல் விற்றன.

இந்த விலையில் எப்படிக் கட்டுப்படியானது என்று வியாபாரிகள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலாவது, எல்லாப் புத்தகமும் ஒரே அளவு, ஒரே மாதிரிக் காகிதம், ஒரே மாதிரி அட்டை. கவிதையானாலும் தத்துவமானாலும் தையல் கற்றுக்கொடுக்கும் நூலானாலும் அளவு மாறாது. வெட்டுக்கூலி, மடிப்புக்கூலி, பைண்டிங் கூலி எல்லாம் இதனால் குறைந்தது.

இரண்டாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு எண். வாங்குபவர் பெயர் எழுத வேண்டியதில்லை, எண்ணைக் குறித்து அனுப்பினால் போதும். பார்சல் கட்டுபவர் எண்ணைப் பார்த்து அடுக்கிலிருந்து எடுத்துப் போடுவார்.

மூன்றாவது, இதுதான் முக்கியம்! ஒற்றைப் புத்தக ஆர்டர் கிடையாது. குறைந்தது 20 புத்தகம், ஒரு டாலர். ஏன்? ஒரு கடிதத்தைப் பிரிக்கவும், முகவரி எழுதவும், பார்சல் கட்டவும் ஆகும் செலவு ஐந்து சென்ட் புத்தகத்தை விழுங்கிவிடும். ஒரு புத்தகத்துக்கும் இருபது புத்தகத்துக்கும் அந்த வேலை ஏறத்தாழ ஒன்றுதான். தீப்பெட்டியை ஒன்றொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைக்காரர் எத்தனை நாள் கடை நடத்துவார்?

நான்காவது, விளம்பரம். பத்திரிகைகளில் பக்கம் முழுக்கத் தலைப்புகளை அடுக்கி விளம்பரம் செய்தார். முகவரியோடு 'டிபார்ட்மெண்ட்' என்று ஒரு எண்ணும் இருக்கும். அப்படி ஒரு டிபார்ட்மெண்ட் அங்கே இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் பத்திரிகையின் விளம்பரத்தைப் பார்த்து ஆர்டர் வந்தது என்று கண்டுபிடிக்கும் அடையாளம் அது. பலன் தராத விளம்பரம் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை, வரும் உறைகளே சொல்லிவிடும்.

பெயர் மாற்றமும் நாணயமும்

ஆண்டுக்கு 10,000 பிரதிகூட விற்காத நூலை அவர் 'ஆஸ்பத்திரி'க்கு அனுப்புவார். அங்கே அதற்குச் சிகிச்சை நடக்கும். பெரும்பாலும் தலைப்பு மாற்றம்தான் சிகிச்சை. ஷோப்பன்ஹவர் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞரின் 'விவாதக் கலை' விலைபோகவில்லை. 'தர்க்கரீதியாக வாதிடுவது எப்படி?' என்று பெயர் மாற்றினார். ஆண்டுக்கு 30,000 விற்றது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருப்பதைத்தான் வெளியே தெளிவாக எழுதினார்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. கோத்தியே என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் 'பொன் கம்பளி' என்ற கதை 1925-ல் 6,000 பிரதிதான் போனது. அதற்குப் 'பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி' என்பது போன்ற ஒரு கிளுகிளுப்பான பெயரைச் சூட்டினார். மறு ஆண்டே 50,000 விற்றது!

வியாபாரி சகோதரர்களே, இந்த இடத்தில் நான் அவரோடு பிரிகிறேன். மூட்டையின் மேலே நல்ல அரிசியைக் கொட்டி அடியில் நொய்யை வைப்பவனை நாம் என்னவென்று அழைக்கிறோம்? நொய் உண்ணத் தகாத பொருள் அல்ல. நொய் என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். மேல்மூட்டையைக் காட்டி விற்பதில்தான் மோசடி இருக்கிறது. சோப்பு விற்பவன் ஒரு முறை ஏமாற்றினால் ஒரு சோப்புக்குத்தான் நஷ்டம். கருத்தை விற்பவன் ஒரு முறை ஏமாற்றினால், அடுத்து அவன் உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? புரியும்படி பெயர் வையுங்கள், இழுக்கும்படியும் வையுங்கள். ஆனால் இல்லாததைப் பெயரில் வைக்காதீர்கள்.

பங்குதாரர் பலம்

இனி இரண்டாவது பதிப்பகம். சிகாகோ நகரில் சார்லஸ் கெர் என்பவர் 1886-ல் தொடங்கியது. 1899-லிருந்து 5 சென்ட் விலையில், 32 பக்கச் சிறு நூல்களைச் சிவப்பு உறையிட்டு வெளியிட்டார். மார்க்ஸின் 'மூலதனம்' மூன்று பாகங்களும் முழுமையாக ஆங்கிலத்தில் 1906 முதல் 1909 வரை இந்தச் சிறிய பதிப்பகத்திலிருந்துதான் வந்தன.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? முதலாளி தரவில்லை, வங்கியும் தரவில்லை. ஒரு பங்கு 10 டாலர். தொழிலாளர்களும் கட்சிக் கிளைகளும் வாங்கினார்கள். பங்குக்கு லாப ஈவு கிடையாது! அதற்குப் பதில் பங்குதாரருக்குப் புத்தகம் சலுகை விலையில் கிடைக்கும். அவர் வாங்கிப் படிப்பார், பக்கத்தில் இருப்பவருக்கு விற்பார். முதல் போட்டவரே வாடிக்கையாளர், அவரே விற்பனையாளர். இதில் ஏஜெண்ட் பாக்கி எங்கே வரும்?

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அந்த ஆண்டே வேவுத் தடுப்புச் சட்டம் வந்தது. போரை எதிர்க்கும் பத்திரிகைகளைத் தபாலில் ஏற்க மறுக்கும் அதிகாரம் அஞ்சல்துறையின் கைக்குப் போனது. வாசலில் போலீஸ் நிற்கவேண்டிய அவசியமே இல்லை. தபால்காரர் மூட்டையை எடுக்காவிட்டால் போதும், தபாலை நம்பிய பத்திரிகைக்குக் கழுத்து நெரிந்துவிடும்!

அப்போது ஜிரார்ட் பத்திரிகை என்ன செய்தது? பெயரை மாற்றிக்கொண்டு போரை ஆதரித்தது. தபால் தப்பியது, ஆனால் வாசகர் நம்பிக்கை போனது. ஹால்டிமன்-ஜூலியஸ் வாங்கியபோது அது நொடித்துக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கெர் பதிப்பகம் வளையவில்லை. அதன் மாத இதழ் தபால் உரிமையை இழந்து 1918-ல் நின்றுபோனது. ஆனால் பதிப்பகம் சாகவில்லை. 1920-களின் இறுதியில் கெர் ஒதுங்கியபோதும் அது அடுத்தவர் கைக்கு மாறி நடந்தது. 1886-ல் பிறந்த பதிப்பகம் இன்றும் இருக்கிறது. இதழ் விழுந்தாலும் நூல் நின்றது, ஆள் மாறினாலும் நிறுவனம் நின்றது. பலர் தோளில் இருந்த சுமை அல்லவா!

ஜிரார்டின் முடிவோ வேறு. 1930-களின் பொருளாதார மந்தம் விற்பனையை அடித்தது. 1948-ல் எஃப்.பி.ஐ. என்ற உளவுத்துறையைக் கண்டித்து ஹால்டிமன்-ஜூலியஸ் ஒரு நூல் வெளியிட்டார். 1951-ல் வருமானவரி வழக்கில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் தன் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். அவர் மகன் அச்சகத்தைத் தொடர்ந்தார், ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. 1978 ஜூலை 4 அன்று அச்சகக் கட்டடம் தீயில் அழிந்தது.

வரி வழக்கு பழிவாங்கலா இல்லையா என்று நீங்கள் விவாதிக்கலாம். எனக்குத் தேவையான பாடம் ஒன்றுதான். அதிகாரத்தை எதிர்த்து எழுதுபவனின் கட்டுரையை அதிகாரி படிக்கமாட்டான், பேரேட்டைத்தான் படிப்பான்! எழுத்தில் பிழை தேடிக் கிடைக்காதவன் கணக்கில் தேடுவான். சாதாரணக் கடைக்காரனுக்கு ஒரு மடங்கு சுத்தமான கணக்கு போதும். நமக்கு இரண்டு மடங்கு சுத்தம் வேண்டும்.

ஆகவே என்ன செய்வது?

இளைஞர்களே, இயந்திரம் வாங்காதீர்கள். அச்சடித்துத் தர அச்சகங்கள் இருக்கின்றன. முதலில் ஐநூறு முகவரிகளைச் சேருங்கள். பெயர், ஊர், என்ன படிப்பார், எப்போது வாங்கினார் என்று எழுதி வையுங்கள். பணம் வந்த பிறகே பார்சல் போகட்டும். "நம்ம ஆள்தானே, பிறகு தருவார்" என்ற சொல்தான் பதிப்பகங்களைப் புதைக்கும் மண்வெட்டி. ஒற்றைப் புத்தகம் கேட்பவருக்கு ஐந்து புத்தகக் கட்டைக் காட்டுங்கள். இயக்கத்தின் பணம் வேறு, பதிப்பகத்தின் பணம் வேறு, உங்கள் சட்டைப்பை வேறு. மூன்றும் கலந்த அன்று மூன்றும் கெடும். அனுப்பும் வழியையும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். தபால் ஒரு வழி, கடை ஒரு வழி, கூட்டத்தில் போடும் மேசை ஒரு வழி. ஒரு கதவு அடைபட்டால் மறுகதவு திறந்திருக்க வேண்டும்.

வியாபாரிகளே, உங்களிடம் நான் நன்கொடை கேட்கவில்லை. நன்கொடை கொடுத்தவர் மறந்துவிடுவார், பங்கு போட்டவர் கணக்குக் கேட்பார். நீங்கள் கணக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை! சிறு சிறு பங்காகப் போடுங்கள். லாபத்தை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை உங்களில் ஒருவர் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டுங்கள். முப்பது ஆண்டு கடை நடத்திய உங்கள் கண்ணுக்கு ஐந்து நிமிடத்தில் படும் ஓட்டை, இந்தத் தம்பிகளுக்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

எழுதத் தெரிந்த தம்பிகள் நம்மிடம் இருக்கிறார்கள். எழுதியதைக் கட்டி அனுப்பவும், அனுப்பியதற்குக் காசு வாங்கவும், வாங்கிய காசை எழுதி வைக்கவும் தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்த வேலைக்கு மேடை இல்லை, மாலை இல்லை, கைதட்டல் இல்லை. அதற்கு முன்வருபவர்கள் இன்று மாலையே பெயர் கொடுங்கள். முதல் கணக்கு நோட்டை வாங்கிக்கொடுப்பது என் பொறுப்பு.